சங்க யாப்பும் தேர்தல் விதிகளும்

விழா மலரிலே வாழ்த்தும் வரலாறும் இடம்பெறுதல் மரபு. நாமோ எமது பழைய மாணவர் சங்கத்தின் யாப்பைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். கல்லூரியின் பெயராற் சேரும் பணத்துக்குக் காவல் இச்சங்கமே. ஆதலின், அதன் நிருவாக சபை தெரிவாகும் முறை சிறு விடயமன்று.

இன்றைய நடைமுறையை அன்பர்கள் அறிவர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் இறுதியில், பலர் எழுந்து சென்றபின், ஒருவர் பெயரை ஒருவர் பிரேரிக்க மற்றொருவர் ஆமோதிக்க, போட்டியின்றித் தெரிவு முடிகின்றது. சென்ற ஆண்டின் சபையே இவ்வாண்டின் சபையும் ஆகின்றது. உழைப்போர் ஓய்வின்றிச் சுமக்கின்றனர். இளையோர் தமக்கு அங்கு இடமில்லையென ஒதுங்குகின்றனர்.

தேர்தல் விதிகளைத் திருத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919 இல் வாரியத் தெரிவுக்கென வகுத்த ஒழுங்கை உத்தரமேரூர்ச் சபையார் ஈராண்டின் பின் 921 இல் தாமே திருத்தினர். முந்திய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தோரையும், வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதோரையும், அன்னாரின் உறவினரையும் குடவோலையினின்றும் விலக்கினர். நிலமும் கல்வியும் உடைய அந்தணர் சபையொன்றின் விதி அது. எல்லார்க்கும் உரிமை அளித்ததன்று. எனினும், பதவிக்கு இடைவெளி வேண்டும், கணக்கு முந்த வேண்டும் என்ற அதன் கருத்து ஆயிரம் ஆண்டு கடந்தும் பழுதுபடவில்லை.

எமது யாப்பிலும் பின்வருவன இடம்பெறல் நன்று. சபையினர் பதவிக்காலம் மூன்றாண்டாகுக. ஆண்டுதோறும் மூன்றிலொரு பங்கினர் விலகுக. முதன்முறை எவர் விலகுவதென்பதைத் திருவுளச்சீட்டால் துணியலாம். காரியதரிசியும் தனாதிகாரியும் ஒரே ஆண்டில் விலகலாகாது. நியமனப் பத்திரங்கள் பதினான்கு நாள் முன்னர்ச் சேரல் வேண்டும். பரிசோதிக்கப்பட்ட கணக்கு ஏற்கப்பட்ட பின்னரே இரகசிய வாக்கெடுப்பு நிகழ்தல் வேண்டும். இலண்டனிலும் தொரன்ரோவிலும் வாழும் அங்கத்தவர் தாமே வாக்களிக்க வழி செய்தல் வேண்டும். ஒருவர் கையிற் பலருடைய பதிலாள் வாக்குகள் குவிதல் தகாது.

‘வேலை செய்ய ஆளில்லாதபோது காலவரையறை எதற்கு?’ எனச் சிலர் வினவுவர். ஆள் இல்லாமைக்கு வரையறை இல்லாமையும் ஒரு காரணம் என்பதே எமது விடை. விலகும் நாளை அறிந்தவர் தமக்குப் பின் வருவோரைப் பழக்குவர். விலகும் நாள் இல்லாதவர்க்கு அந்நினைவு எழுவது அரிது. பகுதி பகுதியாக விலகுதலால் அனுபவமும் அழியாது. இது தற்போதைய சபையார்மீது ஐயுறவன்று. அவர்தம் உழைப்பு அவரோடு முடிந்துவிடாதிருக்கச் செய்யும் ஏற்பாடாகும்.

திருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். சனாதிபதி பதவிக்கு இருமுறைக்குமேல் தெரிவாகலாகாதென்ற தடையை இலங்கை யாப்பின் 18 ஆவது திருத்தம் 2010 இல் நீக்கியது. 19 ஆவது திருத்தம் 2015 இல் அதனை மீட்டது. ஆளை நோக்கி மாறும் விதி, ஆள் மாறும்போது மீண்டும் மாறும். ஆதலின், தேர்தல் நாளிலன்றி, இதற்கெனக் கூட்டும் விசேட பொதுக்கூட்டத்தில், முன்னறிவித்தலோடும் மூன்றில் இரு பங்கினர் ஆதரவோடும் இத்திருத்தம் நிறைவேறல் வேண்டும்.

விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னரும் சங்கம் நிற்றல் வேண்டும். அவ்விசேட கூட்டத்தை இவ்விழா ஆண்டிலேயே கூட்டுமாறு சபையாரை வேண்டுகின்றோம்.