மருத்துவர் எங்கே போய்ச் சொல்வார்?

மருத்துவர் ஒருவரின் தற்கொலை செய்தியாகும்போதெல்லாம் யோகா வகுப்பும் விழிப்புணர்வுக் கருத்தரங்கும் தவறாமல் பரிந்துரைக்கப்படுகின்றன. மனச்சோர்வின் அறிகுறிகளைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதியவர்களுக்கே விழிப்புணர்வு ஊட்டப் புறப்படுவது வேடிக்கைதான். அவர்களுக்கு நோயும் தெரியும், மருந்தும் தெரியும். சிகிச்சைக்குப் போனால் எதையெல்லாம் இழக்க நேரலாம் என்பதும் தெரியும். பலரைத் தடுத்து நிறுத்துவது அந்தக் கணக்குதான்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், கணக்கெடுப்பில் பங்கேற்ற 5,337 முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 31 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் எழுந்ததாகச் சொல்லியிருந்தார்கள். எம்.பி.பி.எஸ். மாணவர்களில் இது 16 சதவீதம். விரும்பியவர்கள் இணையத்தில் நிரப்பிய படிவம் என்பதால் பாதிக்கப்பட்டவர்களே கூடுதலாகப் பங்கேற்றிருக்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அலட்சியப்படுத்தக்கூடிய அளவல்ல. முதுநிலை மாணவர்களிடம் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அதே குழு பரிந்துரைத்தது. மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு உத்தரவோ 48 மணி நேரம் என்றது. முப்பது ஆண்டுகளில் சீர்திருத்தவாதிகளின் கோரிக்கையே 26 மணி நேரம் நீண்டுவிட்டது! வேலை நேரம் குறைந்தே ஆக வேண்டும். ஆனால், அது குறைந்த பிறகும் நோயுற்ற ஒரு பி.ஜி. மாணவர் யாரிடம் போவார் என்ற கேள்வி மிச்சமிருக்கும். அவர் படிக்கும் கல்லூரியின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டால், சீட்டு எழுதுபவரிலிருந்து பேராசிரியர் வரை எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். விடுப்புக்கும் ஆய்வேட்டுக்கும் கையெழுத்திட வேண்டிய துறைத் தலைவர் அடுத்த கட்டடத்தில் இருக்கிறார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது என்பது உண்மை. வார்டில் பரவும் பேச்சைச் சட்டப்பிரிவு தடுப்பதில்லை. படிப்பிலிருந்து விலகலாம் என்றால் பல இடங்களில் லட்சக்கணக்கில் அபராதம். அதைக் கைவிடுமாறு ஆணையமே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது 2024இல்தான்.

பிரிட்டன் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. லண்டனில் மனநல மருத்துவராக இருந்த தக்ஷா எம்சன், மாணவப் பருவத்திலிருந்தே இருமுனைக் கோளாறுடன் வாழ்ந்தவர். 2000ஆம் ஆண்டில் அவரும் அவருடைய பச்சிளம் குழந்தையும் இறந்தனர். 2003இல் வெளியான விசாரணை அறிக்கை, மருத்துவத் துறைக்குள் மனநோய் குறித்து நிலவும் அவமான உணர்வைச் சுட்டிக்காட்டியது. அவரே நோயாளிகளுக்கு அளித்துவந்த தரத்தில்கூட அவருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றும் கண்டறிந்தது. அதன் தொடர்ச்சியாக 2008இல் மருத்துவர்களுக்கென ரகசியமான சிகிச்சைச் சேவை லண்டனில் தொடங்கப்பட்டு, பின்னர் இங்கிலாந்து முழுவதற்கும் விரிந்தது. யாருடைய பரிந்துரைக் கடிதமும் இல்லாமல் மருத்துவரே நேராகப் போகலாம். அச்சம் கற்பனையானதல்ல என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு: 2005 முதல் 2013 வரை, பொது மருத்துவ கவுன்சிலின் விசாரணையில் இருந்த காலத்தில் 28 மருத்துவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக, அல்லது அவ்வாறு இறந்ததாகச் சந்தேகிக்கப்படுவதாக, அந்த கவுன்சிலே ஒப்புக்கொண்டது.

நோயாளிகளின் பாதுகாப்பு என்னாவது என்பது நியாயமான எதிர்க்கேள்வி. மனநிலை குலைந்த ஒருவர் கத்தியைப் பிடிக்கலாமா? கூடாதுதான். ஆனால், சொன்னால் தண்டனை என்றிருக்கும் வரை அவர் சொல்லாமலேயே கத்தியைப் பிடிப்பார். மற்றவர்களுக்கு ஆபத்து நேரும் நிலையில் மட்டும் ரகசியத்தைத் தளர்த்தலாம் என்ற வரம்புடன்தான் பிரிட்டனின் சேவையும் நடக்கிறது. மருத்துவர்களுக்கு மட்டும் ஏன் தனிச்சலுகை என்று கேட்பவர்களிடமும் ஆதாரம் இருக்கிறது. 2024இல் பி.எம்.ஜே. இதழில் வெளியான, 20 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வின்படி, ஆண் மருத்துவர்களின் தற்கொலை விகிதம் பொதுமக்களுடையதைவிட அதிகமல்ல. பெண் மருத்துவர்களுடையது அதிகம். ஆனால், வருமானமும் கல்வியும் உள்ளவர்களிடம் பொதுவாகக் குறைந்திருக்க வேண்டிய விகிதம் இது. அதே ஆய்வு, நிகரான பிற தொழில்களில் இருக்கும் ஆண்களோடு ஒப்பிட்டபோது ஆண் மருத்துவர்களின் விகிதம் கணிசமாக உயர்ந்திருப்பதைக் காட்டியது. ‘நாங்களும் இப்படித்தானே டூட்டி பார்த்தோம்’ என்னும் மூத்தவர்களின் வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. தாக்குப்பிடிக்காமல் போனவர்கள் அந்த வாதத்தைச் சொல்ல இன்று இல்லை.

மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் யாரும் எந்நேரமும் பேசலாம். மருத்துவர்களும் பேச வேண்டும். ஆனால், மாதக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சையையும் காரணம் வெளியே தெரியாத விடுப்பையும் தொலைபேசி எண்ணால் தர முடியாது. அவற்றைத் தர, தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற ஓர் அமைப்பு முன்வரலாம். இரண்டு நிபந்தனைகள் மட்டும் தளரக் கூடாது: சிகிச்சை அளிப்பவர் அந்த மாணவரின் கல்லூரியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது, விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயர் இருக்கக் கூடாது.