குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் நான்கு பெரிய நதிகளையும், பிறக்கும் இடம், கடலில் சேரும் இடம் சகிதம் ஒப்பிப்பேன். எழுபதைத் தாண்டியும் மறக்கவில்லை. ஆனால் ஊருக்குள் ஓடிய அரசலாறு காவிரியின் கிளை என்று வகுப்பில் படித்ததாக நினைவே இல்லை. அரசாங்க வேலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஒரு பாசனக் கோப்பைப் புரட்டியபோதுதான் அது மனதில் பதிந்தது.

ஓய்வுக்குப் பின் ராஜபாளையத்தில் மகள் வீட்டோடு இருக்கிறேன். சென்ற வருஷம் பேரனிடம், "நம்ம குழாயில வர்ற தண்ணி எங்கேயிருந்துடா வருது?" என்று கேட்டேன். "மோட்டார் போட்டா வரும் தாத்தா" என்றான். அமேசான் நதியைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிஷம் பேசுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப் போனேன். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அங்கே தேங்கி, ஊருக்குக் குடிநீராக வருவதைக் காட்டினேன். அப்படியே அய்யனார் கோயில் ஆற்றில் காலை நனைத்தோம். ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம். சித்திரையில் ஆற்றில் பாறை தெரியும், தோப்பில் மாங்காய் தொங்கும். இதுதான் இந்த மலையடிவாரத்தின் காலண்டர்.

இங்குள்ள சாம்பல் நிற அணிலுக்காகவே 1988-இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் அது புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. அந்த அணில் தரையில் இறங்குவது அரிது. கிளையோடு கிளை கோத்திருந்தால்தான் அதற்குப் பாதை. ஆற்றோரத்தில் ஒரு மரம் போனால் பாதையே அறுந்துபோகும். அடிவாரத் தோப்புகள் பிளாட்டாகும்போது நாம் எதை இழக்கிறோம் என்பது, ஆற்றை அறியாத பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இருந்தது தெரிந்தால்தானே போனது தெரியும்!

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், மேகம் கடலில் நீர் முகந்து மழையாகப் பொழிவதைத் திருப்பாவையின் நான்காம் பாசுரத்திலேயே சொல்லிவிட்டாள். மார்கழியில் நம் பிள்ளைகள் அதை அழகாகப் பாடுகிறார்கள். ஆனால், நான் லுவாரை ஒப்பித்த மாதிரி, வெறும் சொல்லாக.

பரீட்சைக்கு வராததை எதற்குச் சொல்லித்தர வேண்டும் என்று பெற்றோர் கேட்கலாம். பள்ளிக்கூடம் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். தாத்தா பாட்டிகளான நமக்குத்தான் நேரம் இருக்கிறது. வெள்ளம் வடிந்த பின், வனத்துறை அனுமதிக்கும் நாளாகப் பார்த்து, ஒரு தூக்குச் சட்டியில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு பேரப்பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப் போங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம்.

போன வாரம் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது. "தாத்தா, மலையில நல்ல மழை போலிருக்கு" என்றான் பேரன். எனக்கு அது போதும்.