கனா காணும் காலங்கள் மலையேறட்டும்

2006-இல் விஜய் டிவியில் 'கனா காணும் காலங்கள்' ஆரம்பித்தபோது பள்ளிக்கூடத்துப் பசங்க மொத்தமும் டிவி முன்னால் ஆஜர். மாமியார் மருமகள் கண்ணீருக்கு நடுவே யூனிஃபார்ம் போட்ட முகங்கள் வந்ததே அப்போது பெரிய விஷயம். '7ஜி ரெயின்போ காலனி' பாட்டில் இருந்து தலைப்பை எடுத்துக்கொண்டு வந்த தொடர் அது. அதில் நடித்த பாண்டி 2010-இல் 'அங்காடித் தெரு'வுக்குப் போனார். பின்னால் வந்த கல்லூரிப் பதிப்பில் தலைகாட்டிய கவின் இன்று சினிமா ஹீரோ. 2022 ஏப்ரலில் அதே பெயர், புது முகங்கள், இந்த முறை ஹாட்ஸ்டாரில்.

பழைய தொடரைத் தூசி தட்டுவதில் தப்பே இல்லை. ஆனால் மொபைலையும் இன்ஸ்டாகிராமையும் சேர்த்துவிட்டால் 'இன்றைய தலைமுறைக்கு' ஆகிவிடுமா? தமிழ் டிவியின் கல்லூரிக் கதைகளில் அரசு விடுதியில் தங்கிப் படிக்கிற பையன் பெரும்பாலும் ஹீரோவின் நண்பன். இல்லையா, கேன்டீனில் கடன் சொல்கிற காமெடி பீஸ். அவனுடைய ரூமுக்குள் கேமரா போவதே அபூர்வம்.

இதே வேலையை அமெரிக்காவில் ஒரு காமெடித் தொடர் எப்போதோ செய்துவிட்டது. 'எ டிஃபரென்ட் வேர்ல்ட்', என்பிசி சேனலில் 1987 முதல் 1993 வரை ஆறு சீசன். கறுப்பின மாணவர்களை மற்ற கல்லூரிகள் சேர்க்க மறுத்த காலத்தில் அவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரிகள் அங்கே நூற்றுக்கு மேல் உண்டு. அப்படி ஒரு கற்பனைக் கல்லூரிதான் தொடரின் களம், பெயர் ஹில்மன். முதல் சீசன் சுமார் ரகம். இரண்டாவது சீசனில் டெபி ஆலன் பொறுப்புக்கு வந்தார். அவரே ஹோவர்ட் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வந்ததும் எழுத்தாளர்களைக் கூட்டிக்கொண்டு அட்லாண்டாவில் இருக்கும் அந்த மாதிரிக் கல்லூரிகளுக்கே போய் மாணவர்களோடு உட்கார்ந்து பேச வைத்தார். அதற்கப்புறம் கதையே வேறு. அதே விடுதி, அதே சிரிப்பு, நடுவில் எய்ட்ஸ் வந்தது, தென்னாப்பிரிக்க நிறவெறி வந்தது, 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரமும் வந்தது. கறுப்பின இளைஞன் என்றாலே கிரைம் செய்தி என்றிருந்த டிவியில், ட்வெய்ன் வெய்ன் என்ற கணக்குப் புலி மடக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு காதலில் சொதப்பிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு அந்தக் கல்லூரிகளுக்கே படிக்கப் போனோம் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ட்வெய்ன், விட்லி ஜோடியின் மகளை மையமாக வைத்து அந்தத் தொடரை மறுபடி எடுக்கப்போவதாக 2025-இல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. டெபி ஆலனும் அதில் உண்டு.

சரி, தமிழ்நாட்டின் ஹில்மன் எது? கள்ளக்குறிச்சியில் தேடலாம்.

2019 நவம்பரில் விழுப்புரத்தில் இருந்து பிரிந்த மாவட்டம். மேற்கே கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதைத் தாண்டி ஏறினால் கல்வராயன் மலை, வெள்ளிமலை. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. இந்த மலை டிவியில் வராமல் இல்லை. சாராய ஊறல் அழிப்பு என்றால் வரும், செம்மரம் வெட்டப் போய் யாராவது பிடிபட்டால் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோது எல்லா சேனலும் வந்து இறங்கின. அதன் பிறகுதான் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. இதே மலையின் சேலம் பக்கம், கருமந்துறை அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்த ஒரு மாணவி 2025-இல் ஐஐடி-க்குத் தேர்வானார். அது ஒரு நாள் செய்தியாக ஓடி முடிந்தது.

செய்திக்கு வெளியே அங்கே ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. மலையில் இருந்து இறங்கி அரசு விடுதியில் தங்கி பி.காம் படிக்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டாலே ஐம்பது எபிசோட் தேறும். முதல் எபிசோட் முதல் நாளிலேயே ரெடி. "நீ என்ன ஆளுங்க?" "மலையாளி." "அட, கேரளாவா? எங்க, மலையாளம் பேசு பாப்போம்!" மலையாளி என்றால் மலையை ஆள்பவர், காஞ்சிபுரத்தில் இருந்து வந்து ஏறியதாகச் சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும் பழங்குடி என்று அவள் வருஷம் பூரா விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அடுத்தது சான்றிதழ். இதே மலையாளி சேலம், கள்ளக்குறிச்சிப் பக்கம் பட்டியல் பழங்குடி, ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இல்லை. இதைவிடப் பெரிய காமெடியை எந்த எழுத்தாளர் எழுதிவிட முடியும்? ஸ்காலர்ஷிப்புக்கு ஓடிபி அப்பாவின் நம்பருக்குப் போகும், அப்பா சிக்னல் இல்லாத காட்டில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருப்பார். 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்களே, போர்டு மாறிய அன்றைக்கு சாம்பார் மாறியதா என்று ஒரு எபிசோட் :-)

'பரியேறும் பெருமாள்' 2018-லேயே சட்டக் கல்லூரி வழியாக இதன் கொடூரமான பக்கத்தைக் காட்டிவிட்டதே என்று கேட்கலாம். அந்தப் படத்தின் வேலை வேறு. இரண்டரை மணி நேரத்தில் நெஞ்சில் குத்திவிட்டு அது போய்விடும். தினசரி வருகிற காமெடி வீட்டு ஆள் மாதிரி கூடவே உட்காரும். அடிபடுவதை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் பார்ப்பவர் மனதில் பாவப்பட்டவர்களாகவே நின்றுவிடுவார்கள். அரியர் வைக்க, பொறாமைப்பட, மொக்கை ஜோக் அடிக்க, மெஸ் பில்லில் ஏமாற்ற அவர்களுக்கும் திரையில் உரிமை வேண்டும்.

ஆபத்தும் இங்கேதான். கோடம்பாக்கத்தில் ஏசி ரூம் போட்டு எழுதினால் தேனும் தினையும் கொண்டுவரும் 'வெகுளி' மலைப் பெண் ஒருத்தி பிறந்துவிடுவாள். நகரத்து ஹீரோ வந்து அவளுக்கு லிஃப்டில் ஏறச் சொல்லிக்கொடுப்பான். அதற்குத் தொடரே எடுக்காமல் இருக்கலாம். டெபி ஆலன் செய்ததைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும், எழுதுபவர்கள் பத்து நாள் விடுதித் தட்டில் சாப்பிட வேண்டும். அதைவிட நல்லது, எழுதுகிற மேஜையில் அந்த மலையில் பிறந்த இரண்டு பேர் சம்பளத்தோடு உட்காருவது. ஒரு ஜோக் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறதா, அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று கேட்ட நொடியில் அவர்களுக்குத் தெரியும்.

விளம்பரதாரர் கிடைப்பாரா என்பதுதான் சேனல்காரர்களின் முதல் கேள்வியாக இருக்கும். ஷாம்பு சாஷேவும் மொபைல் ரீசார்ஜும் விடுதிப் பிள்ளைகளிடமும்தான் விற்கின்றன, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியாமல் போகாது. மற்றபடி செலவும் குறைவு, செட் போட வேண்டாம், மலை சும்மாவே நிற்கிறது. ஒரே ஒரு விஷயம், நடிகர் தேர்வை வடபழனியில் வைக்காதீர்கள். வெள்ளிமலையில் பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் மாறி அந்தப் பெண் சென்னை வந்து சேர்வதற்குள் ஹீரோயின் வேஷம் போயிருக்கும், மிச்சம் இருப்பது தோழி வேஷமாகத்தான் இருக்கும்.