புரையேறுதலும் நிமோனியாவும்

விழுங்கும் உணவும் எச்சிலும் வழிதவறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிக்கொண்டே இருந்தால் அடிக்கடி நிமோனியா வரும். நாளடைவில் நுரையீரலில் தழும்பு விழும். வலது மூச்சுக்கிளை அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பாதிப்பு பெரும்பாலும் வலப்பக்க அடிப்பகுதியில் தெரியும். நெய்வேலி போன்ற பழுப்பு நிலக்கரி நகரியத்தில் ஆறாத இருமல் என்றால் சுரங்கத் தூசி, பீடி, காசநோய் என்றே சந்தேகம் ஓடும். சாப்பிடும்போது புரையேறுகிறதா, படுத்தால் சாப்பிட்டது வாய்க்கு வருகிறதா என்பதையும் கூடவே கேட்டாக வேண்டும்.

உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை தளர மறுக்கும் அக்கலேசியாவில் நேற்றைய சோறு இன்றும் குழாயில் தேங்கி நிற்கும். காலையில் தலையணையில் புளித்த கறை இருக்கும். பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் படத்தில் குழாய் பருத்து, முடிவில் பறவையின் அலகுபோலக் கூராகும். 1913இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர், உட்சவ்வைத் தொடாமல் அந்தத் தசையை மட்டும் நீளவாக்கில் அறுத்துவிட்டார். இன்று லேப்பராஸ்கோப்பியில், உணவுக்குழாயில் சுமார் 6 செ.மீ., இரைப்பையில் 2 அல்லது 3 செ.மீ. அறுத்து, அமிலம் மேலேறாதபடி இரைப்பையின் ஒரு பகுதியை மடித்துத் தைக்கிறார்கள். வாய்வழியே எண்டோஸ்கோப் செலுத்தி அதே தசையை அறுக்கும் முறையை 2008இல் ஜப்பானின் ஹாருஹிரோ இனோவே தொடங்கினார். எந்த முறையானாலும், மயக்க மருந்துக்கு முன் குழாயில் தேங்கியதை வெளியேற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அது மேசையிலேயே நுரையீரலுக்குள் போய்விடும்.

கோளாறு தொண்டையில் இருந்தால் சிகிச்சை வேறு. ஒரு குரல்நாண் செயலிழந்திருந்தால் அதை நடுப்பக்கம் தள்ளிவைத்து இடைவெளியை அடைப்பார்கள். உணவுக்குழாயின் மேல்முனைத் தசை இறுகியிருந்தால் அதை அறுத்துவிடுவார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு அவசரம் கூடாது. பலருக்குச் சில வாரங்களில், பயிற்சியோடு, விழுங்கும் திறன் திரும்பிவிடும். வயிற்றில் குழாய் போட்டு உணவு கொடுத்தாலும் எச்சில் இறங்குவது நிற்காது என்பதைக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எதற்கும் அடங்காதபோது மூச்சுக்குழாயைக் குரல்வளையிலிருந்து பிரித்து, கழுத்தில் துளையிட்டுச் சுவாசிக்க வைக்கும் அறுவை உண்டு. ராஜர் லிண்டெமன் 1975இல் விவரித்த இந்த முறையில் நுரையீரல் காப்பாற்றப்படும், பேச்சு போய்விடும். நோயாளி தெளிவாக இருக்கும்போதே இதை அவரிடம் கேட்டு முடிவெடுப்பதே நியாயம்.

நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறவர்கள் எக்ஸ்ரேயோடு நின்றுவிடாமல் விழுங்கும் பரிசோதனையையும் கேட்டுப் பெற வேண்டும். நெய்வேலிக்காரர்களுக்கு எட்டும் தொலைவில், புதுச்சேரி ஜிப்மரில், இரைப்பை-குடல் அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது.