நோயுற்றுப் படிப்பை நிறுத்திய மாணவர் மீண்டும் கல்லூரியிற் சேர்வது குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஆரணி வட்டாரப் பட்டு நெசவாளர் குடும்பங்களைச் சேர்ந்த கல்லூரி மாணவர்தம் பெற்றோர் சங்கத்தார்,
ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
1. அரசுச் செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
2. துணைவேந்தர் அவர்கள், திருவள்ளுவர் பல்கலைக்கழகம், வேலூர்.
3. துணைவேந்தர் அவர்கள், அண்ணா பல்கலைக்கழகம், சென்னை.

வழி: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருவண்ணாமலை.

பொருள்: மருத்துவக் காரணத்தால் படிப்பை இடைநிறுத்தும் மாணவரின் மறுசேர்க்கை – தெளிவான பொது ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியிலும், அதனைச் சூழ்ந்த சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய ஊர்களிலும் பட்டுத்தறியையே ஜீவனோபாயமாகக் கொண்டு, 2008ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டினை நெய்துவரும் குடும்பத்தாராகிய நாங்கள், எங்கள் பிள்ளைகளின் உயர்கல்வியைப் பாதிக்கும் ஒரு விஷயத்தைத் தங்கள் சமுகத்தில் பணிவுடன் சமர்ப்பிக்கின்றோம். நோய் வந்து ஒரு மாணவன் படிப்பை நிறுத்த நேர்வது துரதிர்ஷ்டமேயன்றி எவருடைய குற்றமும் அன்று. ஆனால் நோய் தீர்ந்த பின்னும், எவரிடம் போய் என்ன எழுதிக் கொடுப்பது என்று தெரியாத காரணத்தாலேயே அவன் திரும்பிச் சேராமற் போவானாயின், அது நிர்வாகம் மனம் வைத்தால் நீக்கிவிடக்கூடிய குறை என்பதே எங்கள் விண்ணப்பத்தின் சாரம்.

காசநோயையே உதாரணமாகக் கொள்ளலாம். சென்னைச் சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நிலையம், அந்நோயாளர் சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று உலகறிய நிரூபித்தது. இன்றோ சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். ஆறு மாதமென்பது கல்லூரிக் கணக்கில் ஒரு செமஸ்டரே ஆயினும், விட்டுப்போன செமஸ்டரின் பாடங்கள் பெரும்பாலும் மறு ஆண்டிலேயே மீண்டும் நடத்தப்பெறுவதால், நோய் கொண்டுபோனது ஆறு மாதமாயிருக்க, விதி கொண்டுபோவது ஓராண்டாகிவிடுகிறது.

அந்த ஓராண்டில் எங்கள் வீடுகளில் நிகழ்வதைத் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரின் மகள், இரண்டாம் ஆண்டில் காசநோயால் நின்றாள். தாயார் மருத்துவமனைச் சீட்டுகளை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குச் சென்றபோது, மாணவியே நேரில் வந்து எழுதித் தரவேண்டும் என்றார்கள்; அவள் எழுந்து நடமாடி நேரில் சென்றபோது, பெயர் நீக்கப்பட்டுவிட்டது, பல்கலைக்கழக அனுமதி வேண்டும் என்றார்கள். இதற்கிடையே வைத்தியச் செலவுக்காகத் தகப்பனார் முதலாளியிடம் முன்பணம் வாங்கியாயிற்று. அதைக் கூலியிற் கழிக்க இன்னொரு தறி ஓடவேண்டும். முதலில் உட்கார்ந்தபடியே தார் சுற்றிக் கொடுத்தவள், பிறகு பாவு பிணைக்கப் பழகி, இப்போது குழித்தறியில் தானே இறங்கி நெய்கிறாள். பிற ஊர்களில் படிப்பை விட்ட பிள்ளை வேலை தேடிப் போக வேண்டும். எங்கள் ஊரிலோ வேலை வீட்டு நடையிலேயே காத்திருக்கிறது. ஆதலால் மறுசேர்க்கையில் நேரும் ஒவ்வொரு மாதத் தாமதமும், மற்றெந்த ஊரையும்விட இங்கே அதிக நஷ்டத்தை விளைவிக்கிறது.

விதிகளே இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள், தக்க காரணமிருப்பின் ஓராண்டு வரை படிப்பை இடைநிறுத்த இடமளிக்கின்றன. வருகைப்பதிவு 75 சதவிகிதத்துக்குக் குறைந்து 65-க்குக் கீழே போகாதவரை, மருத்துவக் காரணத்தால் தேர்வெழுதவும் அனுமதிக்கின்றன. ஆயினும் முன்னதாகவே விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும் என்னும் நிபந்தனையை, நினைவிழந்து படுக்கையிற் கிடக்கும் பிள்ளை எங்ஙனம் நிறைவேற்றுவான்? பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டண அறிவிக்கையோ, சேர்க்கையின் கடைசி நாள் கழிந்து 30 நாள் வரை விலகுவோருக்கே பணம் திரும்பக் கிடைக்க வழிசெய்கிறது. நோய் அந்தத் தேதியைப் பார்த்து வருவதில்லை.

இத்தகைய இடர் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1906ஆம் ஆண்டில் பச்சையப்பன் கல்லூரியில் பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பிற் சேர்ந்த ஸ்ரீனிவாச ராமானுஜன் நோயுற்றுக் கும்பகோணம் திரும்பியதும், 1907 டிசம்பரில் தனியே தேர்வெழுதித் தவறியதும் அனைவரும் அறிந்தவை. கணிதமொழிந்த பாடங்களில் அவருக்கிருந்த பாராமுகமும் அத்தோல்விக்குக் காரணமே. எனினும் பட்டமில்லாத அவருக்கு 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளிக்கச் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நியமத்தைத் தளர்த்திற்று. மேதைகளுக்காக விதியைத் தளர்த்தப் பெரியோர் முன்வருவர். சாமானிய மாணவனுக்கோ எழுதிவைத்த விதியொன்றே துணை. ஆகவே கீழ்க்கண்டவற்றை வேண்டுகின்றோம்:

1. இடைநிறுத்தத்துக்கும் மறுசேர்க்கைக்கும் உரிய விண்ணப்பம், சான்று, அதிகாரி, கால அளவு ஆகியவற்றை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுதல் வேண்டும்.

2. மாணவர் வரவியலாதபோது பெற்றோர் தரும் விண்ணப்பத்தை ஏற்று ஒப்புகைச் சீட்டளித்து, 15 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய பின் தரப்படும் விண்ணப்பத்தையும் ஏற்க வேண்டும்.

3. குணமடைந்தவர் அடுத்த செமஸ்டரிலேயே சேர்ந்து, விடுபட்ட தாள்களைப் பின்னர் எழுத அனுமதிக்க வேண்டும். பாடத்திட்டம் மாறியிருப்பின் கூடுதல் தாள்களைக் குறைந்த அளவில் நிர்ணயிக்க வேண்டும்.

4. படிக்காத செமஸ்டருக்குச் செலுத்திய கட்டணத்தைத் திரும்பிவரும் செமஸ்டருக்கு வரவு வைக்க வேண்டும்.

5. முதல் பட்டதாரிச் சலுகையும், புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாயும், மாணவர் மீளச் சேர்ந்தவுடன் புது விண்ணப்பமின்றித் தொடர வேண்டும்.

6. மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்னும் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்துக்கிணங்க, இருவகை நோய்க்கும் ஒரே நடைமுறை அமைதல் வேண்டும். படிக்கத் தகுதியுடையவர் என்ற மருத்துவச் சான்றே போதுமானதாகவும், நோயின் பெயர் அலுவலக மேசைகளில் அலையாததாகவும் இருத்தல் வேண்டும்.

தேர்வில் சலுகையோ, மதிப்பெண்ணில் தயவோ நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பங்காக, நோயால் நின்ற மாணவரின் பட்டியலைச் சங்கத்தில் பராமரித்து, விண்ணப்பம் எழுதவும் சான்று பெறவும் குடும்பத்தாருக்கு உடனிருந்து உதவச் சித்தமாயிருக்கிறோம். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் இதற்கான ஆணையைப் பிறப்பிக்கவும், அதற்குமுன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்கவும் வேண்டுகின்றோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: ஆரணி.