கார்டு வாங்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள்

கார்பன் வைத்துப் பிரதி பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை விட்டால் வேறு கதியில்லை. தெர்மல் பில் மங்கிவிடும், ஜி.எஸ்.டி. கணக்கையோ ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். ஊரப்பாக்கத்தில் மொத்த வியாபாரம் செய்யும் நாமும் அந்தப் பிரிண்டரை விடுவதாயில்லை.

அதற்கான பேரலல் போர்ட் புதுக் கம்ப்யூட்டர்களில் அநேகமாக வருவதில்லை. கார்டு போடலாம். எந்தக் கார்டு என்பதில்தான் பணம் போகிறது. 1981-ல் ஐ.பி.எம். கம்ப்யூட்டரோடு வந்த ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் வேறு, 1992-ல் இன்டெல் கொண்டுவந்த பி.சி.ஐ. வேறு. இப்போதுள்ள பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், பெயர்தான் உறவு, பழைய பி.சி.ஐ. கார்டு அதில் நுழையாது. எக்ஸ்பிரஸிலேயே சிறிய கார்டு பெரிய ஸ்லாட்டில் உட்காரும்.

டாஸ் காலத்து பில்லிங் புரோகிராம் சில, போர்ட்டின் பழைய முகவரியையே தேடும். கார்டு வேறு முகவரி எடுத்தால் காகிதம் நகராது. யு.எஸ்.பி. ஒயரும் அங்கே பெரும்பாலும் உதவாது.

கைப்பிடி அரிசி எடுத்துப் பார்க்காமல் மூட்டை இறக்குவோமா? ரிச்சி தெருவுக்குப் போகுமுன் கரண்டைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ஸ்லாட்டைப் படம் எடுங்கள். 'எல்லாம் பொருந்தும் சார்' என்பவரிடம், பொருந்தாவிட்டால் திரும்ப எடுப்பதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.