ஒளியை அறுக்க முடியுமா?

அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் உயிர்வேதியியல் மாணவி ஒருத்தி, சில வாரங்களுக்கு முன் தமிழ்த்துறைக்கு ஓர் ஐயத்துடன் வந்தாள். கருத்தரங்கில் தமிழில் பேச விரும்பிய அவள், 'லைட் ஹார்வெஸ்டிங்' புரதம் என்பதை 'ஒளி அறுவடைப் புரதம்' என்று எழுதியிருந்தாள். "சரிதானா ஐயா?" என்றாள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் மக்காச்சோளக் கதிர் அறுக்கும் ஊர்க்காரர்களுக்கு அறுவடை என்றால் விளைந்து முடிந்ததை வெட்டியெடுப்பது. இது எதை வெட்டுகிறது என்று கேட்டேன். விடையாக அவள் ஒரு படம் வரைந்தாள்.

உயிர்வளி குன்றிய குட்டைகளிலும் ஏரிச் சேற்றிலும் ஊதா பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மேலே மிதக்கும் பாசி தனக்கு வேண்டிய ஒளியை எடுத்துக்கொண்டபின், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை நம்பிப் பிழைப்பவை அவை. அவற்றுள் ஒன்றான ரோடோசூடோமோனாஸ் ஆசிடோபிலாவின் ஒளிப்புரத அமைப்பை, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் 1995இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் வழியே கண்டறிந்தனர். ஒன்பது இணைப் புரதச் சுருள்கள் வளையமாக நிற்கின்றன. வளையத்தில் 27 பாக்டீரியப் பச்சையங்கள் உள்ளன. 18 நெருக்கமாக, செங்குத்தாக அடுக்கப்பட்டவை. எஞ்சிய 9 தள்ளித் தள்ளிப் படுத்திருப்பவை. இருபத்தேழும் ஒரே மூலக்கூறு. ஆயினும் தள்ளிக் கிடப்பவை 800 நானோமீட்டர் ஒளியையும், நெருங்கி நிற்பவை 850 நானோமீட்டர் ஒளியையும் ஏற்கின்றன. நெருக்கமும் சூழலும் மாற, ஏற்கும் ஒளியும் மாறுகிறது. ஒரே சொல் அடியில் இடம் மாறினால் பொருள் மாறுவதைக் கற்பிக்கும் தமிழாசிரியனுக்கு இது அந்நியச் செய்தியா?

படம் அத்துடன் நிற்கவில்லை. 800இல் ஏற்ற ஆற்றல் ஏறத்தாழ ஒரு பிக்கோ விநாடியில் 850க்கு இறங்குகிறது; அங்கிருந்து 875 அளவில் ஒளியேற்கும் அடுத்த வளையத்துக்கும், பின் வினைமையத்துக்கும் செல்கிறது. மேலேரி நிறைந்து கலிங்கு வழியே கீழேரிக்கு நீர் இறங்கும் தொடர் ஏரிகளை நம் மாவட்டத்தார் அறிவர். இது அதே ஒழுங்கு. இங்கே அறுவடை இல்லை, ஏந்தலும் கைமாற்றலும்தான். 'ஒளியேந்திப் புரதம்' என்று மாற்றிக்கொண்டாள்.

கலைச்சொல்லை அகராதியில் தேடுகிறோம். பொருளின் கட்டமைப்பில் தேடுவதில்லை. இதுவே என் மனக்குறை. அறிவியலைப் புரிந்துகொள்வது அறிவியல் துறையின் வேலை, சொல் தருவது நம் வேலை என்று பிரித்துக்கொண்டதால் இரண்டும் கெட்டன. இன்னொரு சாரார், எல்லாம் பழம்பாடலில் உண்டு என்று சொல்லி, பார்க்கும் வேலையையே தவிர்த்துவிடுகின்றனர்.

நமக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. புரதச் சங்கிலியின் கண்ணிகள் எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்பதை 1963இல் வரையறுத்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். 'ராமச்சந்திரன் வரைபடம்' எனப்படும் அதைப் புரதங்களின் புணர்ச்சியிலக்கணம் எனலாம். புதிய புரத அமைப்பு எந்நாட்டில் வெளியானாலும் அந்த வரைபடத்தை வைத்தே இன்றும் சரிபார்க்கிறார்கள். தமிழ் முதுகலை படித்து முடிக்கும்வரை அப்பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. என் மாணவர்களுக்கும் அதே நிலை நேர்ந்தால் குற்றம் என்னுடையது.

'ஒளியேந்தி' நிலைக்குமா, தெரியாது. அதைவிடச் சிறந்த சொல்லை யாரேனும் தரலாம், தரவேண்டும். ஆனால் தருபவர் முதலில் அந்த வளையத்தை ஒருமுறை வரைந்து பார்த்திருக்க வேண்டும்.